மருந்தில்லாத பக்கம்

ஸ்ரீவல்லி கோழியைத் தூக்கிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். புண் இல்லை.

அடுத்ததற்கும் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவள் நின்றது கொட்டகையின் வலப்பக்கம். மருந்து கலக்காத தீனி தின்னும் பக்கம்.

நானோ என்றால் ஊரே டாடா காரை நினைத்த வருஷம் அது. அவளோ நானோ துத்தநாகத்தை நம்பி வாலாஜாபாத் கோழிப்பண்ணைக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுணுக்கிய பொடி. தீனியில் அதைக் கலந்து கொடுத்தால், ஈர உமியில் நிற்கும் கறிக்கோழிக்குக்கூடப் பாதம் புண்ணாகாது என்று நிரூபிப்பதுதான் அவளுடைய கால்நடை மருத்துவ ஆராய்ச்சி. முட்டைகூட வாசல் தாண்டி உள்ளே வராத சின்னக் காஞ்சிபுரத்து வீட்டில் மல்லுக்கு நின்று வாங்கிய படிப்பு.

பொடி தின்ற இடப்பக்கத்துக் கோழிகள் சிலவற்றுக்குப் பாதம் லேசாகக் கறுத்திருந்தது. வெறும் தீனி தின்ற வலப்பக்கத்தில் ஒன்றுக்கும் ஒன்றுமில்லை.

அப்படியானால் பொடி வெறும் பொடிதானா?

அவள் இன்னொரு கோழியைத் தூக்கப் போனபோது, பண்ணைக்காரர் மனைவி நீலாம்பாள் கூடையோடு உள்ளே வந்தாள். வலப்பக்கத்து ஈர உமியை வாரி வெளியே கொட்டினாள். காய்ந்த உமியைப் பரப்பினாள். இடப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்ரீவல்லி ஏனென்று கேட்டாள்.

"அதுங்களுக்குத்தான் நீ மருந்து குடுக்கிறியேம்மா. இதுங்களுக்கு யாரு இருக்கா? அதான் நானே தெனம் மாத்திக்கினு இருக்கேன்."

கோபம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் நிலைக்கவில்லை.

தீனி மூட்டைமேல் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னாள். ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருந்தால்தான் பொடி என்ன செய்தது என்று தெரியும். இந்தக் கோழிகளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. புதுக் குஞ்சுகள் விட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நீலாம்பாளுக்கு முகம் வாடிவிட்டது. பிறகு தெளிந்தாள்.

"சரிம்மா, இனிமே ரெண்டு பக்கமும் மாத்திடறேன்."

ஸ்ரீவல்லி சொல்ல வந்தது அதுவல்ல. ரெண்டு பக்கமும் மாற்றாமல் விடச் சொல்லத்தான் அவள் வாயெடுத்திருந்தாள். காய்ந்த உமியில் நிற்கிற கோழிக்குப் பொடி எதற்கு? புண் வந்தால்தான் அவளுக்கு ஆராய்ச்சி.

இடப்பக்கத்துக் கறுத்த பாதங்களைப் பார்த்தாள்.

எழுந்துபோய் இடப்பக்கத்துத் தடுப்பைத் திறந்து, நீலாம்பாளுக்கு வழிவிட்டு நின்றாள்.