மெல்லக் கொல்லும் மருந்து

“அண்ணே, விஷம் கசக்குமா, இனிக்குமா?”

மருந்துக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டவள் எதிர்வீட்டு மருமகள். தெருவே அவளை வாயில்லாப் பூச்சி என்றுதான் சொல்லும்.

“எதுக்கும்மா கேக்கற?”

“சும்மாதாண்ணே. மெல்ல மெல்லக் கொல்ற விஷம்னா, முதல்ல என்ன ஆகும்? மயக்கம் வருமா?”

“அது விஷத்துக்கு விஷம் மாறும். யாருக்கு?”

“மாமனாருக்கு...” வாய் தவறிச் சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமனாரின் இதய மருந்து பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

கடைக்காரருக்குத் தலை சுற்றியது. விஷம் வைக்கிறவள் எதற்கு மருந்து வாங்க வேண்டும்? மருந்து வாங்குகிறவள் எதற்கு விஷத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்? வெளியே சொன்னால் ஒரு குடும்பத்தின் மானம் போகும். சொல்லாவிட்டால் ஓர் உயிரே போகும்.

அவள் மாடியில் துணி காயப்போடுவது தெரிந்ததும், கடையைப் பாதி சாத்திவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினார்.

கட்டிலில் பெரியவர் சாய்ந்திருந்தார். சாகப்போகிறவர் மாதிரி தெரியவில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தது. அது இன்னும் குழப்பியது.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. மருமக குடுக்கறதை எதையும் குடிக்காதீங்க. விஷமா இருக்கலாம்.”

“இருக்கலாம் என்ன, விஷமேதான்” என்றார் பெரியவர் சாவகாசமாக. “நான்தானே மருந்து வாங்கிட்டு வரச் சொன்னேன்.”

“மருந்தா? விஷமா?”

“குடிச்சுட்டுப் போய்ச் சேர்ற மருந்துய்யா! வீட்டுக்காரி போனப்புறம் எனக்கு என்ன இருக்கு? டாக்டர் குடுத்ததையெல்லாம் சன்னல் வழியா ஊத்திட்டு, இவளைத்தான் நச்சரிச்சேன். கடைசியில மனசிறங்கி வாங்கிட்டு வந்தா. ஒரேயடியா குடிச்சா வம்பாம். தினம் ரெண்டு வேளை குடிச்சா மெல்லப் போயிடலாமாம். தவறாம குடிக்கிறேன். ஏன் கசக்கல, ஏன் மயக்கம் வரலன்னு கேட்டாத்தான் திருதிருன்னு முழிக்கிறா.”

தலையணையோரம் லேபிளைச் சுரண்டி எடுத்த பாட்டில். கடைக்காரர் திறந்து முகர்ந்து பார்த்தார். சந்தேகமே இல்லை. அவர் கடையில் விற்ற அதே இதய மருந்து.

நிமிர்ந்தால், நிலைப்படியில் மருமகள். காலி பக்கெட்டோடு நின்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

கடைக்காரர் பாட்டிலை இறுக மூடித் தலையணையோரமே வைத்தார்.

“பொல்லாத விஷம்ங்க ஐயா. ஒரு வேளையும் விட்டுடாதீங்க” என்றார்.

அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

பெரியவர் கடைக்காரரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

“தம்பி, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அது விஷம் இல்லன்னு எனக்கு முதல் நாளே தெரியும். பொய்யே சொல்லத் தெரியாத புள்ள, எனக்காக இந்தப் புளுகு புளுகுறா. இவளை விட்டுட்டுச் சாக மனசு வரலய்யா!”