நான்காம் டொமைன்

“மறுபடியும் கேக்கறனுங்க. அழிக்கறீங்களா, இல்லீங்களா?”

“முடியாதுங்க.”

வீல் ஸ்பேனர் இடது முழங்காலில் இறங்கியது. எலும்பு உடையும் சத்தம் சசிதருக்கு வலிக்கு முன்பே கேட்டது. கத்தினான். ஆஸ்பத்திரியின் அந்த சர்வர் அறையில் நூற்றுக்கணக்கான மின்விசிறிகள் அருவிபோல் இரைந்துகொண்டிருந்தன. கதவுக்கு வெளியே போன நர்ஸுக்குக்கூட அந்தக் கத்தல் எட்டவில்லை.

எதிரே நின்றவனுக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையின் மார்பு முழுக்க ரத்தம். உள்ளே வந்ததும் தன் பெயர் கதிர்வேல், பல்லடத்தில் தறி ஓட்டுவதாக மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் முதல் அடியை அடித்தான்.

சொல்லாமலேயே சசிதருக்கு அந்த முகம் தெரியும். காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேன் ஐயாசாமி கை காட்டி நிறுத்தச் சொன்ன காரை ஓட்டியவன். கார் அவரைத் தூக்கி எறிந்துவிட்டு, நிற்காமல் உள்ளே போனது. ஐயாசாமி அங்கேயே செத்துப்போனார். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை, ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சசிதர் போலீசுக்காகத் தேடி எடுத்து வைத்திருந்தான். மேசையின் ஓரத்துத் திரையில் அது திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தப் படம் இல்லாட்டி, ஓட்டுனது நாந்தான்னு சொல்ல ஆளில்லீங்க.”

“ஐயாசாமி சம்சாரம் கீழ உக்காந்து அழுதுட்டு இருக்குது. அதுக்கு இருக்கற ஒரே சாட்சி இதுதானுங்க. நீங்க பேசாம ஓடிப்போயிருங்க.”

“ஓட முடிஞ்சா ஓடியிருக்க மாட்டனா? இன்னைக்கு நான் இந்தக் கட்டடத்தை உட்டு நகர முடியாதுங்க. போலீசு வாரதுக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க.”

அடுத்த அடி விலாவில் விழுந்தது. அதற்கடுத்தது நெற்றியில். “தப்பா நெனைச்சுக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டேதான் அடித்தான்.

கண்ணுக்குள் ரத்தம் வழிந்தபோது சசிதருக்கு ஒரு வழி தோன்றியது. அழிக்க வேண்டியதில்லை, மறைத்தால் போதும்.

ஆஸ்பத்திரியின் ஸ்டோரேஜ் நெட்வொர்க் ஒன்றுதான். எல்லா டிஸ்க்குகளையும் இணைக்கும் சுவிட்ச் என்ற கருவிக்குள் அதை எண் போட்ட டொமைன்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரு டொமைனுக்குள் நிற்பவனுக்கு அதிலுள்ள டிஸ்க்குகள் மட்டும்தான் தெரியும். அவன் இடும் கட்டளையும் அங்கே மட்டும்தான் பாயும். கேமராக்கள் இருப்பது ஏழாம் டொமைனில். அதன் இணைப்பைத் துண்டித்தால் படம் திரையிலிருந்து போய்விடும், டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். இவன் போனபிறகு மறுபடி இணைத்துக்கொள்ளலாம்.

“சரிங்க… அழிச்சுப்போடறேன். அடிக்காதீங்க.”

“இதை மொதல்லயே சொல்லியிருந்தா காலு மிச்சமாயிருக்குமுங்களே.”

சசிதர் கட்டளையை அடித்தான். இந்த டொமைனின் எல்லா இணைப்புகளும் துண்டிக்கப்படும், சம்மதமா என்று சுவிட்ச் கேட்டது. சம்மதம் என்றால் Y, இல்லை என்றால் N.

அப்போதுதான் வரியின் தொடக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தான். நான்கு. காலையிலிருந்து ஆபரேஷன் தியேட்டர்களின் ஸ்கேன் சர்வரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அது நான்காம் டொமைன். அங்கிருந்து ஏழுக்கு மாற மறந்திருந்தான். அவன் விரல் N-ஐ நோக்கி நகர்ந்தது.

“ஏனுங்க, அது இல்லைங்கறதுதான? எனக்கும் எட்டாவது வரைக்கும் இங்கிலீசு தெரியுமுங்க.”

“இல்லீங்க, இது வேற டொ…”

ஸ்பேனர் அந்த விரல்களின் மேல் விழுந்தது. கதிர்வேல் குனிந்து, தானே Y-ஐ அமுக்கி என்டரைத் தட்டினான்.

“ஐயோ, அது…”

இந்தமுறை அடி பின்மண்டையில். சசிதர் நாற்காலியோடு சரிந்தான். அதற்குப் பிறகு அவன் அசையவில்லை.

கதிர்வேல் மூச்சு வாங்க ஓரத்துத் திரையைப் பார்த்தான். படம் போகவில்லை. கார் அப்போதும் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை செத்தபிறகும் ஐயாசாமி மறுபடி உயிரோடு வந்து நின்று கையைக் காட்டினார்.

“நம்ப வெச்சு ஏமாத்திப்போட்டீங்களே!”

திரையை நொறுக்கினான். கீழே கிடந்தவனின் வயிற்றில் இரண்டு முறை உதைத்தான். மேசைமேல் இருந்த ஃபோன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. யாராவது தேடி வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் எடுத்தான்.

“சசி, ரெண்டாவது தியேட்டர்ல இருந்து ஹாரிகா பேசறேன். ஸ்கேன் படமெல்லாம் திடீர்னு போயிருச்சு! டாக்டர் மண்டையத் தொறந்து வெச்சுட்டு நிக்கறாரு. ரத்தம் எங்க கட்டியிருக்குதுன்னு பாக்க முடியல. உடனே கனெக்‌ஷன் குடு!”

கதிர்வேல் ரிசீவரைக் காதோடு அழுத்தினான். “யாருக்குங்க ஆப்பரேசன்?”

“ஹர்ஷிணின்னு ஆறு வயசுப் பாப்பா. காலைல ஒம்பது மணிக்கு வந்த கேஸ். நீங்க யாரு? சசி எங்க?”

ரிசீவர் கையிலிருந்து நழுவித் தொங்கியது. கதிர்வேல் மண்டியிட்டான். சசிதரின் இரண்டு அக்குள்களிலும் கை கொடுத்து நாற்காலிக்குத் தூக்கினான். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. நசுங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, கீபோர்டின் மேல் எடுத்து வைத்தான்.

“ஏனுங்க, கண்ணைத் தொறங்க… எம் பொண்ணுங்க அது. ஒரே ஒருக்கா எந்திரிச்சு, அதைச் சேத்திக் குடுத்துருங்க.”