வட்டத்துக்கு ஆள் வேண்டும்

ஃபாரோ தீவுகளில் ஒரு சிறிய சுகாதார நிலையம். சன்னலில் கடல் மூடுபனி வெளுத்துக் கிடக்கிறது. சுன்வோர் நாற்காலிக் கையை விடாமல் பிடித்திருக்கிறாள். தேய்ந்த முட்டி இன்னும் தேயுமென்று பயந்து, இந்தக் கோடைத் திருவிழாவின் வட்ட நடனத்துக்கு வரமாட்டேனென்று ஊரில் சொல்லிவிட்டாள். “எழுந்திருங்கக்கா, அசைஞ்சாத்தான் முட்டிக்குப் பலம்,” என்கிறான் பிசியோதெரபிஸ்ட் பெய்னிர். “வலிக்குமே, தம்பி?” “கொஞ்சம் வலிக்கும். அதனால கெட்டுப்போகாது.” அவன் கையை நீட்டி நடனப் பாட்டை முணுமுணுக்கிறான். “பாட்டா இது? ஆடு கத்துற மாதிரி இருக்கு!” சிரித்துக்கொண்டே எழுந்துவிடுகிறாள். இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் ஓரடி. முட்டி நறநறக்கிறது, ஆனாலும் தாங்குகிறது. அவன் தாளம் தப்ப, பாட்டை அவளே வாங்கிக்கொள்கிறாள். காத்திருப்பவர்களின் அறையிலிருந்து யாரோ கூடப் பாடும் குரல் வருகிறது. அவள் கதவைப் பார்த்துக் கூவுகிறாள்: “உள்ள வாங்க! ரெண்டு பேரை வச்சு வட்டம் கட்ட முடியுமா?”