யாரும் தூங்காத வீடு

அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தாள். ஒரு துண்டு பெரிது. அடுத்தது கண்ணுக்கே தெரியாது. ஒன்று உருண்டு சிலிண்டருக்குப் பின்னால் போனது. அவன் அதைத் திட்டினான்.

வெங்காயத்தோடு பேசுகிறவன் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

கல்யாணமாகி ஆறு வருடம். அவனுடைய தூங்கும் முகம்தான் அவளுக்குப் பழக்கம்.

“இதென்னங்க, கம்பெனில துணி கட்டிங் வேஸ்ட் மாதிரி கெடக்குது?”

“வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான். நீ மொதல்ல செருப்பக் கழட்டு, அம்மிணி.”

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

முன்பெல்லாம் இந்நேரம் அவள் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருப்பாள். தினமும் ஒன்றரை ஷிப்ட். அவனுக்குத் துணி பின்னும் கம்பெனியில் இராத்திரி ஷிப்ட். அவள் திரும்பும்போது அவன் கிளம்புவான். தெருமுனையில் பிள்ளையும் சாவியும் கைமாறும். அவன் கை தூங்கியெழுந்த சூட்டோடு இருக்கும். அவள் விரல்களில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

இப்போது சாவி ஆணியில் தொங்குகிறது.

வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோனது. அவளுக்கு ஒன்றரை ஷிப்ட் ஒன்றானது. அவனுக்கு இராத்திரி ஷிப்டே இல்லை. வாரத்தில் மூன்று நாள் பகல் வேலை, அவ்வளவுதான்.

பக்கத்து அறை ஒடிசாப் பையன்கள் ரயிலேறிவிட்டார்கள். அவர்கள் துவைத்துப் போட்ட சிவப்புத் துண்டு மட்டும் கொடியில் கிடக்கிறது. பேக்கரிக்காரர் பொழுது சாய்ந்ததுமே பாதி விளக்கை அணைத்துவிடுகிறார். துணி ஏற்ற டெம்போக்கள் வருவதில்லை. அவை நிற்கும் இடத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

இராத்திரி ஷிப்ட் திரும்பி வரவேண்டும் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தின் முன்னால் வைத்திருக்கிறாள்.

ஷிப்ட் நின்ற புதிதில் தன்ஷிகா அவள் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

“ம்மா, யாரு தூங்கறாங்க?”

நாலு வயதுப் பிள்ளை. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த ஒற்றை அறையில் யாராவது தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். பகலில் அப்பா. ஞாயிற்றுக்கிழமையானால் அம்மா. ரகசியம் பேசித்தான் அவள் பேசவே கற்றுக்கொண்டாள்.

“யாருமே தூங்கல கண்ணு. சத்தமாப் பேசு.”

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.

இன்றும் கத்திக்கொண்டேதான் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். பந்து சாக்கடையில் விழுந்தது. அதை எடுத்தது அவள்தான். யாரும் அவளுக்குக் கைதட்டவில்லை. இத்தனையும் ஒரே மூச்சில்.

எண்ணெய் கொஞ்சம்தான் இருந்தது. அவன் அப்பளத்தைக் கால் கால் துண்டாக உடைத்து, குழிக்கரண்டியில் ஒவ்வொன்றாகப் பொரித்தான். மூன்று தட்டிலும் ஒவ்வொரு துண்டு வைத்தான்.

மூன்று பேரும் உட்கார்ந்தால் முழங்கால்கள் இடித்தன. யாரும் நகர்ந்துகொள்ளவில்லை.

போன் அடித்தது.

சூப்பர்வைசர்.

இந்த அழைப்புக்காக அவன் இத்தனை நாளும் போனைச் சட்டைப்பையை விட்டு எடுத்ததில்லை. இப்போது கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது.

“எடுங்க.”

எடுத்தான். “சரிங்கண்ணா... சரிங்கண்ணா... வந்தர்றனுங்கண்ணா.”

வைத்தான்.

“ஆர்டர் வந்திருச்சாமா. திங்கக்கெழமையிலருந்து நைட்டு.”

அவள் கண்ணை மூடி, இடது கையால் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திறந்தபோது பார்வை சாமி படத்துக்குப் போகவில்லை. சாவி தொங்கும் ஆணிக்குப் போனது.

அவன் ரசத்தைச் சோற்றில் ஊற்றிவிட்டுப் பிசையாமல் இருந்தான்.

பழையபடி யாரோ தூங்குவதுபோல வீடு அமைதியானது.

தன்ஷிகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்ல நகர்ந்து அப்பாவின் காதருகே வந்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

“ப்பா... அப்பளம் இன்னொண்ணு.”

காற்றுதான் வந்தது. குரல் வரவில்லை.

அவன் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான்.

“இன்னிக்கு வெள்ளிக்கெழமதான் கண்ணு. சத்தமாக் கேளு.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள்.

“அப்பளம்!”

தெருவில் பந்து நின்றது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்க எழுந்தான். கரண்டியில் எண்ணெயின் கடைசிச் சொட்டுகளை வடித்தான்.

அவனுக்குப் பின்னாலிருந்து, இந்த வீட்டில் ஒருநாளும் குரலை உயர்த்தாதவள், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

“எனக்கும்!”