எதிர்ச்சுவர்

பழைய மலைக்கோட்டை ஒன்றின் உச்சியிலுள்ள வட்ட மண்டபத்தில், சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ச்சுவரில் காதை வைத்திருப்பவருக்குத் துல்லியமாகக் கேட்கும். குளிர்ந்த கல்லில் கன்னத்தைப் பதித்து, வியர்வை காயாத முகத்தோடு மருமகள் சிரித்தபடி காத்திருக்கிறாள். கூரைத் துளையின் வெயில் நடுத்தரையில் வட்டமாகக் கிடக்கிறது. அந்தப் பக்கம் மாமியார் வாயைக் கையால் மறைத்துச் சுவரோரம் குனிகிறாள். "அடுத்த வருஷம் அங்க வேற ஒருத்தி நிப்பாடி." அம்மாவின் பக்கத்தில் நிற்கும் மகன், காதில் எதுவும் விழாதவன்போல, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறான். மருமகளின் சிரிப்பு உதட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெயிலில் நின்று செல்போனில் படமெடுக்கும் மாமனார், "என்னம்மா, கேட்டுச்சா?" என்று குதூகலமாகக் கத்துகிறார். "இல்ல மாமா, ஒண்ணும் கேக்கல." மாமியார் தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். "அப்ப காதை நல்லா ஒட்டி வைம்மா. இன்னொரு தடவை சொல்றேன்."