மூன்று முறை கூப்பிட்டாயிற்று

"நாப்பத்தி மூணு... நாப்பத்தி மூணு... நாப்பத்தி மூணு."

முன்னாள் ராணுவத்தினர் நல அலுவலகத்துக் குமாஸ்தா தொண்டை கிழிய மூன்று முறை கத்திவிட்டு, கோப்பைத் திறக்காமலே மேலட்டையில் எழுதினார்: 'அழைத்தும் ஆள் வரவில்லை.' இது ஐந்தாவது முறை. ஒவ்வொன்றுக்கும் கீழே அவருடைய கையெழுத்து.

கூடம் காலியாகிவிட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

குமாஸ்தா கோப்போடு அதிகாரியிடம் போனார். "ஊனத்துக்கு உதவித்தொகை வேணுமாம் சார். அஞ்சு தடவையும் டிமிக்கி. எட்டிப் பாக்க உடம்பு வளையல. மூடிடலாமா?"

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "நல்லாக் கூப்பிட்டீங்களா?"

"தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும் சார்."

"அங்க உக்காந்திருக்கறது யாரு?"

"ஓசிப் பேப்பர் படிக்க வர்றவர் சார். அடிக்கடி பாத்திருக்கேன்."

அதிகாரி எழுந்து போய், பெரியவரின் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த அழைப்புக் கடிதத்தைக் கைநீட்டி வாங்கிப் பார்த்தார். எண் நாற்பத்து மூன்று.

குமாஸ்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ் பெரியவரே, காதுல பஞ்சா வெச்சிருக்கீங்க?"

பெரியவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். "என் முறை வந்துருச்சுங்களா?"

அதிகாரி கோப்பைத் திறந்து குமாஸ்தாவிடம் காட்டினார். 'பீரங்கிப் படையில் பதினெட்டு ஆண்டுகள். இரண்டு காதும் அறவே கேட்காது.'

குமாஸ்தா அப்போதும் விடவில்லை. "காது கேக்கலைன்னு அத்தாட்சி எதுவும் வெக்கலையே சார்."

"எதுக்கு? அதான் அஞ்சு தடவை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."