ஏழாம் எண் விண்ணப்பம்

ஏழாம் எண் தாளில் போட்டிருந்த மதிப்பெண்ணை ரப்பரால் அழித்துவிட்டு, போஸ்டம்மா ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். மேசையைச் சுற்றியிருந்த மற்ற நாலு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. அழித்த இடத்தில் வேறு எண்ணை எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்தார்.

முப்பது வருடம் தபால் நிலையத்தில் இருந்தவர். ஒரு தபால்தலைகூட முறைகேடாக அவர் கையைத் தாண்டிப் போனதில்லை என்று பெயர். அதனால்தான் பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஊர்ப் பொது நிதியைக் கொடுக்கிற குழுவில் கூப்பிட்டுச் சேர்த்திருந்தார்கள்.

போன வருடம் ஓர் உறுப்பினரின் தங்கை மகனுடைய விளையாட்டு அணிக்குப் பந்தும் பனியனும் போய்ச் சேர்ந்ததில் கடைத்தெரு நாறிவிட்டது. இந்த வருடம் குழுத் தலைவரான மருந்துக்கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். விண்ணப்பத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இது இன்னாருடையது என்று யாராவது வாயைத் திறந்தால் அந்த விண்ணப்பமே தள்ளுபடி. ஜெயித்தவர் பெயர் மட்டும்தான் வெளியே வரும்.

ஏழாம் எண்ணை மனசு நிறைந்துதான் படிக்க ஆரம்பித்தார் போஸ்டம்மா. அறையைப் பூட்டிக்கொண்டு கைப்பேசியோடு முடங்கிக் கிடந்த பன்னிரண்டு பிள்ளைகள். ஞாயிறுதோறும் ஊர் ஓரத்துச் சின்னக் குன்றில் ஏறிப் பழகுகிறார்கள். அடுத்து பெரிய மலைக்குப் போகப் பதினோரு ஜோடிக் காலணியும் வண்டிச் செலவும் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கு ஒன்பது போட்டார்.

அப்புறம்தான் கடைசி வரியைப் படித்தார். ‘வீட்டுக்குள்ளேயே கிடக்கிற பிள்ளைக்கு வாசற்படிதான் முதல் மலை.’

அவர் மகள் பேச்சு அது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் போவது இந்தக் குன்றுக்குத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. சாப்பிட உட்கார்ந்தால் இந்த வரியைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டாள். பன்னிரண்டு பேருக்குப் பதினோரு ஜோடியா, கணக்கில் இவள் என்றைக்குமே மந்தம்தான் என்று போஸ்டம்மாவுக்குச் சிரிப்புகூட வந்தது.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. தபால்காரம்மா மகளுக்குத் தள்ளிவிட்டுட்டா என்று நாளைக்குக் கடைத்தெரு பேசுவது இப்போதே காதில் விழுந்தது. சொல்லிவிட்டு எழுந்து போகலாம் என்றால், சொன்னாலே தள்ளுபடி. ஒன்பது, மூன்றாயிற்று.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. கால்பந்து மைதானத்துக்குக் கம்பிவேலி கேட்டவர்கள் ஜெயித்தார்கள். ஏழாம் எண் இரண்டே மதிப்பெண்ணில் தோற்றது. தலைவர் எல்லார் முன்னாலும் போஸ்டம்மாவைக் கும்பிட்டு, இவரை மாதிரி நாலு பேர் இருந்தால் ஊர் உருப்பட்டுவிடும் என்றார்.

ஞாயிறு மத்தியானம் ஒரு கிலோ ஆப்பிளை வாங்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார்.

மகள் கொல்லைக் குழாயடியில் செருப்புச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் வருத்தம் என்று ஒன்றும் தெரியவில்லை. எனக்காக மறைக்கிறாள் என்று நினைத்ததும் போஸ்டம்மாவுக்கு இன்னும் சுருக்கென்றது.

அவளோ வாய் ஓயாமல் பேசினாள். ஒரு வருடமாக ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் இருந்த பெயிண்டர் அண்ணன் மகள் இன்றைக்குக் குன்றின் உச்சிவரை ஏறிவிட்டாளாம். எப்போதும் அடிவாரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மகள் இறங்கி வரும்வரை காத்துக்கிடக்கும் மனுஷன், இன்றைக்கென்று பார்த்து விட்டுவிட்டுப் போய்விட்டாராம். என்னவோ முகமே சரியில்லையாம்.

போஸ்டம்மா காதில் பாதிதான் விழுந்தது. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த நிதி கிடைக்காமப் போனதுக்கு நான்தான் காரணம். ஒன்பது போட்டிருந்தேன். அழிச்சிட்டு மூணு போட்டேன்."

மகள் குழாயை மூடினாள்.

"ஏம்மா?"

"அந்த வாசற்படி வரியப் பாத்ததும் உன்னுதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஊர் என்ன பேசுமோன்னு பயந்துட்டேன். பெத்த பொண்ணு வயித்துலயே அடிச்சிட்டேன். திட்டணும்னா திட்டிடு."

திட்டுவாள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அப்புறம் விட்டுத்தள்ளு என்பாள். வழியெல்லாம் போஸ்டம்மா எண்ணிக்கொண்டு வந்தது அதுதான். என்ன இருந்தாலும் அம்மாவும் மகளும். வீட்டுக்குள் நடந்த தப்பு, வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

மகள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. அம்மா கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த வரிய நான் பிள்ளைங்களப் பெத்தவங்க எல்லார்கிட்டயும் சொல்றதுதாம்மா. நீ குழுவுல சேர்ந்த அன்னைக்கே நான் விண்ணப்பம் போடறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

போஸ்டம்மாவுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அப்புறம், அப்படியானால் ஏழாம் எண் யாருடையது என்று மெல்லக் கேட்டார்.

"பெயிண்டர் அண்ணன் போட்டது. தன் பொண்ணுக்கு மட்டும் தானே வாங்கிக்கிறேன்னு பதினோரு ஜோடிதான் கேட்டிருந்தாரு."